சதுப்பைக் காக்கப் புறப்பட்டிருப்பவர்களுக்கு, சதுப்புக்குள் நிற்பவர்களிடமிருந்து ஒரு திறந்த மடல்

கொழும்பின் ஈரநிலங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெல்லம்பிட்டிக்கும் கொலன்னாவைக்கும் இடைப்பட்ட சதுப்பில், எங்கள் கங்குன் கீரைப் பாத்திகளுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் தலைப்பில் நிற்கும் தென்னையில் ஓர் அறிவித்தல் ஆணியடிக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு தாள். சிங்களத்தில் இருபத்திரண்டு வரிகள், ஆங்கிலத்தில் ஒன்பது வரிகள், தமிழில் ஒன்றும் இல்லை. அந்தப் பாதையால் நாள்தோறும் இறங்கும் பதினேழு குடும்பங்களில் பதினொன்று தமிழ் பேசுபவை என்பதைத் தாளை அடித்தவர் அறிந்திருக்க நியாயமில்லை. அனுப்பியவர்கள் அறிந்திருக்க வேண்டும். என் தாய் அதைக் கழற்றாமல் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் நான், மதியச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே அதை வாசித்து அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இந்தச் சதுப்பு பாதுகாக்கப்பட வேண்டிய உயிரியல் வளம். இங்கே நடக்கும் அனுமதியற்ற பயிர்ச்செய்கை அதற்குக் கேடு. மூன்று மாதங்களுக்குள் அனைவரும் வெளியேற வேண்டும். அதன் பின் இங்கே மரப்பலகை நடைபாதையும் பறவைகளைப் பார்க்க ஒரு கோபுரமும் அமையும். தாளில் இருந்தது இவ்வளவுதான்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார். "அப்ப அந்தப் பக்கத்து லொறிக்காரங்களுக்கும் இப்பிடி ஒட்டியிருக்காங்களா?"

இல்லை. நான் அன்று மாலையே போய்ப் பார்த்தேன். சதுப்பின் தெற்குக் கரையில், பிரதான வீதியை ஒட்டி, இரண்டு வருடங்களுக்கு முன் நீலத் தகர வேலி போடப்பட்ட இடத்தில் எந்த அறிவித்தலும் இல்லை. வேலிக்குப் பின்னால் முன்பு பன்புல் வளர்ந்திருந்த, மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற நிலம், இப்போது செம்மண்ணும் இடித்த கட்டிடங்களின் கொங்கிரீட் துண்டுகளும் இட்டு, உருளை ஓட்டி இறுக்கப்பட்டு, கொள்கலன் லொறிகள் திரும்பும் முற்றமாகிவிட்டது. இந்த மடலை எழுத வைத்தது வெளியேறச் சொன்ன அறிவித்தல் மட்டுமாக இருந்திருந்தால், ஒருவேளை நாங்களும் மற்றவர்களைப் போல் ஒரு மனுவில் கையெழுத்திட்டுவிட்டுக் காத்திருப்போம். ஒரே சதுப்பின் ஒரு கரையில் கீரை அறுப்பது கேடு என்றும், மறு கரையில் மண் கொட்டுவது கண்ணில் படாத காரியம் என்றும் நடந்துகொள்ளும் பாதுகாப்பை என்னால் வாய் மூடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சதுப்பு காக்கப்பட வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வழக்கு இல்லை. அதன் அருமையை நாங்கள் புத்தகத்தில் வாசித்து அறிந்துகொள்ளவில்லை. 2016 மே மாதத்தில் களனி கங்கை கரை மீறியபோது எங்கள் வீட்டுக்குள் ஒன்பது நாட்கள் தண்ணீர் நின்றது. சுவரில் அது விட்டுப்போன கோடு, இரண்டு முறை வர்ணம் பூசிய பிறகும் மழைக்காலங்களில் ஈரமாகத் தெரிகிறது. வானொலியில், களனியின் நீர்மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுமானி எத்தனை அடி காட்டுகிறது என்று சொல்லும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள் நாங்கள். 2025 நவம்பரின் கடைசி நாட்களில் டித்வா புயலின் மழையால் களனி மறுபடி பெருகியபோது, அம்மா கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கிய வேகத்தைப் பார்த்தவர்கள், இது அவருக்குப் பழகிய வேலை என்று கண்டிருப்பார்கள். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. இந்த நகரத்தில் இவ்வளவு தண்ணீர் விழும்போது அது தங்குவதற்கு ஓரிடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் சதுப்பு.

இந்தக் கணக்கை உங்கள் தரப்பே எங்களைவிடத் திருத்தமாகப் போட்டிருக்கிறது. பெருநகரக் கொழும்பில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் எஞ்சியிருக்கிறது என்றும், அது முழுவதும் அழிந்தால் வெள்ளத்தால் வரும் இழப்பு சராசரியாக ஆண்டுதோறும் இந்நகரப் பகுதியின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதம் அளவுக்கு இருக்கும் என்றும், உலக வங்கியின் கடனுதவியுடன் 2012இல் தொடங்கிய பெருநகர அபிவிருத்தித் திட்டத்தின் ஆய்வுகள் கண்டன. 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த, ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் மாநாட்டில், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் உலகில் முதன்முறையாக 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டபோது கொழும்பும் அவற்றில் ஒன்றாக இருந்தது. அந்தச் செய்தியை நான் பஸ்ஸில் நின்றபடி பத்திரிகையில் வாசித்தேன், பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஈரநிலங்களில் ஒன்றில்தான் அன்று காலை என் தாய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார் என்பதைப் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லலாமா என்று கூட நினைத்தேன்.

அந்த இடுப்பளவுத் தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வேலை தொடங்குவது அதிகாலை மூன்றரை மணிக்கு, முடிவது விடியுமுன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கங்குன் பாத்தி என்பது மண் மேடு இல்லை. மூங்கில் கழியும் கயிறும் கட்டிப் பிரித்த தண்ணீர்த் துண்டு. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு இறங்குபவர் முதலில் செய்வது அறுவடை அல்ல. நேற்றிரவு மிதந்து வந்து சேர்ந்த நீர்க்களைகளான சல்வீனியாவையும் ஆற்றுவாழையையும் இரண்டு கைகளாலும் வாரி வரம்பில் எறிவதுதான் முதல் வேலை. ஒரு வாரம் அதை விட்டால் தண்ணீரின் முகமே மூடிப்போகும். மூடிய தண்ணீருக்குக் கீழே மீனும் இல்லை, தவளையும் இல்லை. பிறகு வாய்க்காலில் அடைந்து கிடக்கும் பொலித்தீனையும் போத்தல்களையும் எடுப்பார்கள், ஏனென்றால் தண்ணீர் நகராத பாத்தியில் கங்குன் தண்டு கறுத்து அழுகும். அதன் பிறகே கத்தி. இடது கை ஒரு பிடியைச் சேர்க்க, வலது கை நீர்மட்டத்துக்கு நான்கு விரல் மேலே வெட்டும். இன்னும் கீழே வெட்டினால் மறுதுளிர் பிந்தும். மேலே வெட்டினால் கட்டு நிற்காது. வெட்டிய இடத்தை அம்மா பாதத்தால் ஒரு தரம் அழுத்திவிட்டு அடுத்த அடி வைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, வேர் சேற்றைப் பிடிப்பதற்கு என்றார். பன்னீராயிரம் தடவை செய்த அசைவு என்பதால் அவருக்கே அது தெரிவதில்லை. வாழை நாரால் கட்டி, வாய்க்கால் நீரில் அல்லாமல் குழாய் நீரில் அலசி, ஐந்து மணிக்கு ஆட்டோவில் ஏற்றினால்தான் பேலியகொடை மெனிங் சந்தையில் விலை இருக்கும்போது போய்ச் சேரலாம். காலில் ஒட்டிய அட்டைகளுக்கு உப்பு வைப்பது ஆட்டோவுக்குள் வைத்துத்தான். ஒவ்வொரு மழைப் பருவத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எலிக்காய்ச்சல் மாத்திரையோடு வருவார். அரச உத்தியோகத்தர்களில் எங்கள் பாத்தி வரம்பில் வந்து நின்றவர் இதுவரை அவர் ஒருவரே. அவருக்கு இந்த இடத்தில் ஒரு நன்றி.

நான் சொல்ல வருவது இதுதான்: இந்தச் சதுப்பு எங்களையும் மீறி மிஞ்சியிருக்கிறது என்று உங்கள் அறிவித்தல் கருதுகிறது, எங்கள் கை பட்டுக்கொண்டே இருந்ததால் மிஞ்சியது என்று நாங்கள் கருதுகிறோம். இதற்கு ஆதாரம் எங்கள் வரம்பிலேயே இருக்கிறது. எங்கள் பாத்திக்குக் கிழக்கே இருந்த சிங்களப் பெரியவர் முழங்கால் வாதத்தால் வேலையை விட்ட பிறகு, அவர் பிள்ளைகள் யாரும் இறங்கவில்லை. இரண்டு மழைக்காலத்துக்குள் அது முழுவதும் சல்வீனியா. மூன்றாம் வருடம், சிங்களத்தில் வெல் ஆத்தா என்று சொல்லும் அன்னமுன்னா இனத்து மரம் வந்துவிட்டது. இன்று அதற்குள் ஒரு நாய்கூட நுழைய முடியாது. 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில அத்திடிய சதுப்பிலும், வயல்கள் கைவிடப்பட்ட பின்னர் இதே மரம் எப்படிப் பரவியது என்பது உங்கள் கோப்புகளில் இருக்கும். ஆட்களை எழுப்பிவிட்டால் இயற்கை தானாகத் திரும்பி வரும் என்பது மலைக்காட்டுக்குப் பொருந்தலாம். நூற்றாண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து, வடிகான்களின் கழிவு வந்து விழும் நகரத்துச் சதுப்பில், எழுந்து போன இடத்தை நிரப்புவது களைதான்.

எங்கள் பக்கத்துக் குற்றங்களையும் எழுதிவிடுகிறேன், கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது என் தொழிலுக்கு அழகில்லை. பதினேழு பேரில் நான்கு ஐந்து பேர் பூச்சிக்கு அடிக்கும் மருந்தின் அளவு கூடுதல். அடித்த மூன்றாம் நாளே அறுத்தவர்களையும் எனக்குத் தெரியும். யூரியா போட்டால் தழை சீக்கிரம் எழும் என்று அளவுக்கு மீறிப் போடுகிறவர்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒருவர், தன் வாத்துகளைத் தொடர்ந்து தூக்கிக்கொண்டு போகிறது என்று மீன்பிடிப் பூனைக்குக் கம்பிக் கண்ணி வைத்தார். சிங்களத்தில் ஹந்துன் திவியா என்று சொல்லும் அந்த மிருகத்தை நான் ஒரே ஒரு முறைதான் கண்டிருக்கிறேன். விடியுமுன் வரம்பில், வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பருமனில், குட்டை வாலோடு, தண்ணீரையே உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. விளக்கு வெளிச்சம் பட்டதும் ஓடவில்லை. எழுந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கி நீந்திப் போனது. "பாத்தியா, நமக்கு முந்தி வேலைக்கு வந்திருக்கு" என்றார் அம்மா. கண்ணி வைத்தவரை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து திட்டி அதை எடுக்க வைத்தார்கள். எங்களுக்குள் சட்டம் தெரிந்தவர் எவரும் இல்லை. அந்த மிருகம் எலி பிடிக்கும் என்பதும், எலி குறைந்தால் எலிக்காய்ச்சல் குறையும் என்பதும் தெரிந்திருந்தது. உலக அளவில் அருகிவரும் இந்தப் பூனை ஒரு தலைநகரத்தின் நடுவே வாழ்வது அதிசயம் என்று கழுத்துப்பட்டி மாட்டி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அது வாழ்வது எங்கள் வரம்புகளில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. தகர வேலிக்குப் பின்னால் இறுக்கிய செம்மண்ணில் அதற்கு மீன் இல்லை.

இன்னொரு குற்றமும் எங்கள் தலையில் வைக்கப்படுகிறது: கொழும்புக் கங்குனில் ஈயம் இருக்கிறதாம். இருக்கலாம், பயப்பட வேண்டிய விடயம்தான், நாங்களும் அதைத்தானே சாப்பிடுகிறோம். ஆனால் ஈயத்தை நாங்கள் பயிரிடவில்லை. வாகனம் திருத்தும் இடங்களிலிருந்து எண்ணெய் மிதந்து வருவது எந்தக் கானால் என்று பாத்தியில் நிற்கும் எவரும் கை நீட்டிக் காட்டுவார்கள். நகரத்துக் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குச் சதுப்பு என்று விடை கண்டதும் நாங்கள் இல்லை. மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்த குப்பை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று சரிந்து, முப்பதுக்கும் மேற்பட்டோரை வீடுகளோடு மூடியது. அந்தக் குப்பை மேட்டின் அடியிலும் ஒரு காலத்தில் தண்ணீர்தான் நின்றது.

இப்போது வரவு செலவுக்கு வருகிறேன். எங்கள் பாத்தி அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. முறை வைத்து அறுத்தால் நாளொன்றுக்குச் சுமார் நூறு கட்டு. சந்தையில் எங்கள் கைக்குக் கட்டுக்கு 40 ரூபாய். அதே கட்டை வெள்ளவத்தையில் நான் இரட்டிப்பு விலைக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறேன், அது வேறு கதை. 4,000 ரூபாய் வரவில் ஆட்டோவுக்கு 600, உதவிக்கு இறங்குபவருக்கு 1,500, குத்தகையை நாட்கணக்கில் பிரித்தால் 400 போக, எஞ்சுவது 1,500. மழை, காய்ச்சல், பௌர்ணமிப் போயா விடுமுறை எல்லாம் கழித்து மாதம் இருபத்திரண்டு நாள் வேலை நடந்தால் 33,000 ரூபாய். இதில்தான் நானும் தம்பியும் படித்தோம். அப்பாவின் கடைசி இரண்டு வருட மருந்தும் இதில்தான். அறிவித்தலில் நடைபாதையின் நீளம் மீற்றரில் இருக்கிறது, கோபுரத்தின் உயரம் மீற்றரில் இருக்கிறது. பதினேழு குடும்பங்கள் நான்காவது மாதம் எதை உண்பது என்பதற்கு ஒரு வரி இல்லை. காட்டு யானை பற்றிப் பேசும் இடத்தில் விவசாயியின் இழப்பீடு பற்றியும் பேசக் கற்றுக்கொண்ட நாடு இது. தலைநகரத்தின் சதுப்பில் உழைப்பவருக்கு மட்டும் அந்தப் பேச்சு ஏன் பொருந்தவில்லை? நாங்கள் நகரத்துக்குள் இருப்பதாலா, அல்லது எங்கள் பயிர் கட்டு 40 ரூபாய்க்குப் போவதாலா?

"அனுமதியற்ற" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா 1984இல் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர். 1989இல் இந்தத் துண்டைக் குத்தகைக்கு எடுத்தார். காணிக்காரரின் உறுதிப் பத்திரத்தில் அது கும்புற, அதாவது வயல். அப்பா கட்டிய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டுகள், காணிக்காரர் கையெழுத்திட்ட குத்தகைத் துண்டுகள், எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. 2016 வெள்ளத்தில் வீட்டிலிருந்து முதலில் வெளியே கொண்டுவரப்பட்டது அந்த டின்தான், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டாவது. முப்பது வருடங்களுக்கு மேல் வரியும் குத்தகையும் வாங்கப்பட்ட நிலத்தில் நாங்கள் அனுமதியற்றவர்கள் என்றால், எங்களுக்கு அனுமதி தேவை என்று முப்பது வருடமாக ஒருவரும் சொல்லாதது ஏன் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

அனுமதி என்ற சொல்லை அந்தத் தகர வேலிக்கும் வைத்துப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், வயற்காணியை எழுத்துமூல அனுமதியின்றி நிரப்புவதைத் தடுக்கிறது. நிரப்பல் தொடங்கிய மாதத்தில் ஒரு போயா இரவு நானும் தம்பியும் வீட்டு மாடியில் உட்கார்ந்து எண்ணினோம்: பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் பதினான்கு டிப்பர்கள். அனுமதி இருக்கும் வேலைக்கு விளக்கை அணைத்துக்கொண்டு வர வேண்டிய தேவை என்ன என்று தம்பி கேட்டான். முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். கொடுத்த இடத்தில் அது தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். எல்லை யாருடையது என்று தேடிப் போன இடத்தில், முதலில் போன இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் காணியை நிரப்ப யார், எப்போது, எந்த நிபந்தனையில் அனுமதித்தார்கள் என்று கேட்டு விண்ணப்பம் போட்டேன். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். ஏழு மாதங்கள் ஆகின்றன. பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டும் இப்போது பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது.

நிரப்பிய பின் நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. சென்ற ஒக்டோபரில், முன்பெல்லாம் எங்கள் ஒழுங்கைக்கு வராத அளவு மழைக்கே தண்ணீர் வந்தது. முன்பு இரவு மழை காலை பத்து மணிக்குள் வாய்க்காலில் வடிந்துவிடும். அன்று மறுநாள் மாலை வரை நின்றது. ஒழுங்கையில் இருக்கும் பேக்கரிக்காரரின் இரண்டு நாள் மா நனைந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கான மேலதிக வகுப்புக்குத் தகப்பனின் தோளில் ஏறித்தான் பிரதான வீதிக்குப் போனாள். வாகன முற்றம் தரும் வேலைவாய்ப்பு எத்தனை என்று எனக்குத் தெரியும், அங்கே இரவுக் காவலுக்கு இரண்டு பேர். எங்கள் பாத்திகளில் நேராகவும் உதவியாகவும் நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். பொருளாதாரத் தேவைக்காகச் சதுப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கூட்டங்களில் பேசப்படும்போது, அந்தப் பொருளாதாரம் யாருடையது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

1968இல் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென்று ஒரு சட்டம் வந்தது. எதனிடமிருந்து மீட்பது என்று பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியரிடம் கேட்டேன், தண்ணீரிடமிருந்து என்றார். ஐம்பது வருடங்களில் காற்று மாறி, இன்று அதே தாழ்நிலங்களை மனிதரிடமிருந்து மீட்கப் புறப்பட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் எழுந்து போகச் சொல்லப்பட்டவர்கள் ஒரே ஆட்கள்தான். நீங்கள் பெருமையோடு சுட்டிக்காட்டும் ராம்சார் உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரையே ஈரநிலங்களின் மதிநுட்பமான பயன்பாட்டை வலியுறுத்துகிறது. பயன்பாடு என்ற சொல் அங்கே தவறி விழுந்ததல்ல. நிலத்தின் இயல்பு கெடாமல் அதை மனிதர் பயன்படுத்தி வாழ்வது என்பதுதான் அதன் பொருள். எங்கள் அதிகாலைகளில் குறைகள் உண்டு, ஆனால் அந்த உறுப்புரைக்கு மரப்பலகை நடைபாதையைவிட அவை அதிகம் நெருங்கி நிற்கின்றன என்பது என் வாதம். நடைபாதையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வரம்பை ஒட்டி அது போகட்டும், பள்ளிப் பிள்ளைகள் வரட்டும், கீரை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

எல்லாவற்றுக்கும் முதலாக, இந்தச் சதுப்பில் நடக்கும் மண் நிரப்பலை உடனே நிறுத்துங்கள். தகர வேலிக்குப் பின்னாலுள்ள காணிக்கு அனுமதி இருந்தால் அதன் பிரதியை மூன்று மொழிகளிலும் அந்த வேலியிலேயே ஒட்டுங்கள். இல்லையென்றால் கொட்டிய மண்ணைக் கொட்டியவர்கள் செலவிலேயே அள்ள வையுங்கள். கொழும்பு மாவட்டத்தில் இதுவரை வழங்கிய, இனி வழங்கப்போகும் எல்லா நிரப்பல் அனுமதிகளையும் காணி இலக்கத்தோடும் வரைபடத்தோடும் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். இதற்கு நடைபாதைக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது.

அடுத்து, மூன்று மாத அறிவித்தலை மீளப் பெறுங்கள். அதற்குப் பதிலாகப் பாத்தி வைத்திருப்பவர்களைப் பதிவு செய்து வருடாந்த அனுமதிப்பத்திரம் கொடுங்கள், அதில் நிபந்தனைகளையும் போடுங்கள்: எந்த மருந்து கூடாது, அடித்த பின் எத்தனை நாள் அறுக்கக் கூடாது, வரம்பை எவ்வளவுக்கு மேல் அகலமாக்கக் கூடாது, கண்ணி வைத்தால் அனுமதி இரத்து. கடுமையாகவே போடுங்கள். மீறுபவரை நாங்களே காட்டிக் கொடுப்போம், முன்பும் செய்திருக்கிறோம். சல்வீனியாவும் வெல் ஆத்தாவும் அகற்ற இயந்திரத்தோடு ஒப்பந்தக்காரர்களைக் கொண்டுவரும்போது, அந்தக் கூலியில் ஒரு பகுதிக்கு எங்களையும் எடுத்தால், கைவிடப்பட்ட கிழக்குப் பாத்தி ஒரு வருடத்தில் மறுபடி தண்ணீராகும்.

தண்ணீரையும் சேற்றையும் கீரையையும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது பரிசோதித்து முடிவைப் பகிரங்கமாகச் சொல்லுங்கள். எங்காவது பயிர் செய்வது உண்மையிலேயே நஞ்சு என்று தெரியவந்தால் அந்தப் பாத்திக்காரருக்கு வேறு துண்டு கொடுங்கள், எண்ணெய்க் கானின் வாயை அடையுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். முதலாவதை மட்டும் செய்துவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, முடிவு எடுக்குமுன் ஒரு தரமாவது வந்து பாருங்கள். மூன்றரை மணி உங்களுக்குச் சிரமம் என்றால் நான்கரைக்கு வாருங்கள், அப்போதும் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து போதாது, இடுப்பளவு வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் அம்மா தன்னுடைய சாரத்தைத் தருவதாகச் சொல்கிறார். அறிவித்தலில் குறிப்பிட்ட மூன்று மாதத்தில் இன்னும் ஐம்பத்தெட்டு நாட்கள் இருக்கின்றன. அதற்குள் பதிலை எழுத்தில், சிங்களத்தோடு தமிழிலும் எதிர்பார்க்கிறோம். அந்தத் தென்னையிலேயே அடித்தாலும் சரி.

இப்படிக்கு,
பதினேழு கங்குன் பாத்திக் குடும்பங்களின் சார்பில்,
அவற்றுள் ஒன்றின் மகள்,
வெல்லம்பிட்டி, கொழும்பு.